முக்கால் நொடி வேலை: லாங் ஸ்னாப்பர் என்பவர் யார்?

"அந்த லாங் ஸ்னாப்பர் வேலை மட்டும் கிடைச்சா போதும்பா. ஒரு மேட்சுக்குப் பத்து தடவை குனிஞ்சு பந்தைப் பின்னாடி தள்ளணும், அவ்ளோதான். வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர்!"

டெக்ஸாஸில் எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், அமெரிக்கக் கால்பந்து ஓடும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். நானும் பல வருஷம் தலையாட்டியிருக்கிறேன். பத்து தடவை என்பது ஏறக்குறைய சரி. சம்பளக் கணக்கும் பெரிய தப்பு இல்லை. அந்த இரண்டையும் வைத்து "சும்மா கிடைக்கிற காசு" என்று முடிவு கட்டுகிறோமே, அதுதான் தப்பு. அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதன் பிறகு, இதை ஆட்டமே தெரியாதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்து எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

## ஆட்டத்தில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்

பெயர் கால்பந்து என்றாலும் இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் கைதான் வேலை செய்யும். மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். ஒருவர் குனிந்து நின்று, தரையில் இருக்கும் பந்தைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்பினால்தான் ஒரு டவுன் தொடங்கும். இப்படி அனுப்புவதுதான் ஸ்னாப். வழக்கமாக இதைச் செய்பவர் சென்டர். அவருக்கு ஒட்டினாற்போலவோ நாலைந்து கெஜம் தள்ளியோ நிற்பவரிடம் பந்து போகும். தூரம் குறைவு.

மூன்று டவுன் முடிந்தும் 10 கெஜம் வரவில்லை என்று வையுங்கள். நான்காவதிலும் தவறினால், பந்து அதே இடத்தில் எதிரணி கைக்குப் போய்விடும். அதனால் அணிகள் பெரும்பாலும் உதையில் இறங்கும். உதை இரண்டு வகை. பன்ட் என்றால் பந்தை உயரமாக உதைத்து எதிரணியை வெகுதூரம் பின்னால் தள்ளிவிடுவது, உதைப்பவர் பன்ட்டர். ஃபீல்ட் கோல் என்றால் எல்லையில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது. இதில் ஒருவர் மண்டியிட்டுப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பார், அவர் ஹோல்டர். ஓடி வந்து உதைப்பவர் கிக்கர். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து 6 புள்ளி எடுப்பது டச் டவுன். அது போட்டபின் 1 புள்ளிக்காக உதைக்கும் கூடுதல் உதையும் இதே முறைதான்.

ஹோல்டர் 7, 8 கெஜம் பின்னால் இருப்பார். பன்ட்டர் நிற்பது 15 கெஜம் பின்னால். மடிசார் கட்டுகிற ஒன்பது கெஜப் புடவை ஒன்றைத் தரையில் நீட்டி விரியுங்கள். அதன் முந்தானையிலிருந்து இன்னோர் ஆறு கெஜப் புடவையைத் தொடர்ந்து விரியுங்கள். இந்த முனையில் குனிந்து நிற்பவர், அந்த முனையில் நிற்பவரின் இடுப்புக்குப் பந்தைச் சேர்க்க வேண்டும். அதற்கென்றே அணியில் வைத்திருக்கும் ஆள்தான் லாங் ஸ்னாப்பர்.

இதுவரை சொன்னது: உதைக்க வேண்டிய நேரங்களில் மட்டும் களத்துக்கு வருபவர் இவர். வழக்கமான சென்டர் வேறு, இவர் வேறு. இவர் அனுப்பும் தூரமும் வேகமும் வேறு.

## சாரத்தில் நிற்பவருக்குச் செங்கல்

கிரேன் இல்லாத இடத்தில் மாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் செங்கலை மேலே வீசுவார். சாரத்தில் நிற்பவர் பிடித்து அடுக்குவார். பார்க்கிறவர் கண்ணெல்லாம் மேலே பிடிப்பவர் மீதுதான் இருக்கும், விழுந்துவிடுவாரோ என்று. உண்மையில் அங்கே தேர்ந்த வேலை கீழே நடக்கிறது. நல்ல கைக்காரர் வீசும் செங்கல், மேலே இருப்பவரின் விரித்த கைக்கு நேரே வந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்றாற்போல் இருக்கும். பிடிப்பவர் குனிய வேண்டாம், எட்ட வேண்டாம். பலகையில் கால் ஊன்றியபடியே வாங்கிக்கொள்வார். செங்கல் ஒரு சாண் தள்ளி வந்தால் அவர் உடம்பு சாய்கிறது, சாய்ந்தால் வேலையின் தாளம் போய்விடுகிறது.

லாங் ஸ்னாப்பரின் வேலையும் இதுதான். வாங்குகிறவர் கையை நகர்த்தாமல் வாங்கினால் அது நல்ல ஸ்னாப். ஆனால் செங்கல் வீசுபவருக்கு இல்லாத சிரமங்கள் இவருக்கு உண்டு. தலைகீழாகக் குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்து அனுப்ப வேண்டும். மூக்குக்கு நேரே 130, 140 கிலோ எடையுள்ள ஆட்கள், பந்து அசையும் கணத்தில் மோதத் தயாராக நிற்கிறார்கள். அனுப்பி முடித்த மறுகணம் நிமிர்ந்து அவர்களைத் தடுக்க வேண்டும்.

## நொடிக் கணக்கு

பன்ட் ஸ்னாப் ஒன்று பன்ட்டர் கைக்குப் போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய முக்கால் நொடி. 15 கெஜம் என்பது 13.7 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 66 கிலோமீட்டர் வேகம் வருகிறது. ஓடிவந்து, தோளைச் சுழற்றி எறிந்த வேகம் இல்லை இது. நின்ற இடத்தில் குனிந்தபடி, இரண்டு கையாலும் காலிடுக்கில் விடும் வேகம்.

எதற்கு இத்தனை அவசரம்? பந்து அசைந்த கணத்திலிருந்து பன்ட்டரின் கால் பந்தில் படும்வரை மொத்தம் 2 நொடி அளவில் முடிந்தாக வேண்டும். அதற்குள் எதிரணியின் வேகமான ஆட்கள் பாய்ந்து வந்துவிடுவார்கள். ஸ்னாப் 0.2 நொடி தாமதமாகப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். நொடிக்கு 7 மீட்டர் ஓடுபவர் அந்த 0.2 நொடியில் 1.4 மீட்டர் கூடுதலாக நெருங்கிவிடுவார். உதைத்த பந்து அவர் நீட்டிய கையைத் தாண்டிப் போவதற்கும் அதே கையில் பட்டுத் தெறிப்பதற்கும் நடுவே இருப்பது இந்த 1.4 மீட்டர்தான்.

ஃபீல்ட் கோலில் நிலைமை இன்னும் இறுக்கம். ஸ்னாப் போய், ஹோல்டர் பிடித்து, தரையில் நிறுத்தி, கிக்கர் உதைப்பதுவரை எல்லாம் சேர்ந்து 1.3 நொடிதான். பந்து தரையில் நிற்கும்வரை கிக்கர் காத்திருக்கமாட்டார். அது ஹோல்டர் கைக்கு வரும்போதே அவர் கால் எடுத்து வைத்துவிடுவார். பந்து இருக்கப்போகும் இடத்தை நம்பித்தான் ஓடி வருகிறார். பந்து ஓர் அடி விலகினால் ஹோல்டர் எட்டிப் பிடித்து இழுத்து வைப்பார். ஆனால் கிக்கரின் நடை அதற்குள் குலைந்திருக்கும். பந்து கம்பத்துக்கு வெளியே போகும், டிவியில் கிக்கரின் முகத்தைக் காட்டுவார்கள், மறுநாள் அவரைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். "கிக்கர் விட்டுட்டான்" என்று நாம் சொல்லும் உதைகளில் சில, கிக்கரிடம் வருவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

## லேஸ் எந்தப் பக்கம்?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பள்ளிக்கூட அணியில் அவன்தான் லாங் ஸ்னாப்பர். வீட்டின் பின்பக்க வேலியில் ஒரு வலையைத் தொங்கவிட்டு, நடுவில் வெள்ளை டேப்பால் ஒரு சதுரம் ஒட்டிவைத்திருக்கிறான், சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிது. சாயங்காலமானால் வலையில் பந்து விழும் சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்கும். ஒருநாள் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, "ஹோல்டராக உட்கார முடியுமா?" என்று கேட்டான். உட்கார்ந்தேன்.

எட்டு கெஜம் பின்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். "கையை அங்கேயே வையுங்கள், பந்தைத் தேடி வராதீர்கள்" என்றான். குனிந்தான். கால்களை அகட்டி வைத்துப் பிட்டத்தைத் தூக்கியபோது முதுகு மேசைபோல் தட்டையாகிவிட்டது. பந்து எறிபவர் பிடிப்பதைப் போலவே வலக்கை விரல்கள் தையல்மேல் படிந்தன. இடக்கை பக்கவாட்டில் லேசாக ஒட்டியிருந்தது. ஒரு மூச்சு விட்டான். அவன் கை அசைந்ததை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது, அவனுடைய இரண்டு முன்கைகளும் தொடையின் உட்புறத்தில் பட்டு நின்றதையும் உள்ளங்கைகள் வெளிப்பக்கம் திரும்பியிருந்ததையும்தான். அதற்குள் பந்து என் கையில் இருந்தது. வலித்தது.

"லேஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியில்தான் இந்த வேலையின் நுட்பம் முழுக்க இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து, இரு முனையும் குவிந்த, 11 அங்குல நீளத் தோல் பந்து. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை நாடா கோத்த தையல் இருக்கும். அந்தத் தையல்தான் லேஸ். கிக்கரின் கால் வழவழப்பான தோலில் பட்டால் பந்து நினைத்த திசையில் போகும். புடைத்த தையலில் பட்டால் திசை மாறலாம். அதனால் பந்தை நிறுத்தும்போது லேஸ் கம்பத்தைப் பார்த்து, கிக்கருக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். கிக்கரைப் பார்த்து வந்துவிட்டால் ஹோல்டர் பந்தை விரலால் திருப்புவார். திருப்புவதற்கு நேரம் வேண்டும். 1.3 நொடியில் அதற்கு எங்கே இடம்?

இங்கேதான் ஸ்னாப்பரின் கணக்கு வருகிறது. பந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கிறது. ஒரே விசையில், ஒரே தூரத்துக்கு விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். அப்படியானால் தொடங்கும்போது லேஸ் எந்தப் பக்கம் இருந்தால் போய்ச் சேரும்போது கம்பத்தைப் பார்த்து நிற்கும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளலாம். "கொஞ்சம் எனக்கு வலப்பக்கம் பார்த்தாற்போல் இருக்கிறது" என்று நான் சொன்னதும் பையன் என்ன செய்தான் தெரியுமா? விசையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தரையில் இருந்த பந்தைத் தன் பக்கம் ஒரு விரல் அகலம் உருட்டி வைத்துக்கொண்டு மறுபடி விட்டான். இந்த முறை லேஸ் நேரே வெளிப்பக்கம். அதற்கடுத்த ஆறு பந்துகளும் அப்படியே வந்தன. நான் கையில் வாங்கித் தரையில் ஊன்றினால் போதும், எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதை மழையிலும் பனியிலும், பந்தை உதைப்பவர் மாறினாலும் ஹோல்டர் மாறினாலும் செய்கிறார்கள். ஹோல்டர் அரை அடி முன்னால் உட்கார்ந்தால்கூடச் சுற்றுக் கணக்கு மாறிவிடும். அதனால்தான் ஸ்னாப்பர், ஹோல்டர், கிக்கர் மூவரும் வாரம் முழுக்க ஒரு மூலையில் தனியாகச் சேர்ந்து பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலான அணிகளில் பன்ட்டரே ஹோல்டராகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்குத்தான் ஸ்னாப்பருடன் சேர்ந்து பழக நேரம் இருக்கிறது.

சுருக்கமாக: வேகம், இடம், லேஸின் திசை. மூன்றும் ஒரே அசைவில், ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி அமைய வேண்டும்.

## பந்து கையை விட்ட பிறகு

பந்தை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் பரவலான தவறு. குனிந்து தலையைக் கால்களுக்கு நடுவே வைத்திருப்பவரால் மோத வருபவரைப் பார்க்க முடியாது. முன்பு இந்த நிலையை எதிரணியினர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஸ்னாப்பருக்கு நேர் எதிரே ஆளை நிறுத்தி இடித்துத் தள்ளுவார்கள். கழுத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. இப்போது அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் விதிகள் ஸ்னாப்பரைத் தற்காப்பு இல்லாதவராகக் கருதிப் பாதுகாப்பு தருகின்றன. ஃபீல்ட் கோல் நேரத்தில் அவர் தலைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

பன்ட்டில் இன்னொரு வேலையும் உண்டு. எதிரே வருபவரைத் தடுத்துவிட்டு, பந்து போன திசையில் நாற்பது, ஐம்பது கெஜம் ஓடி, அங்கே பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடி வருபவரை மடக்க வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் அணியிலேயே வேகமான, இளைய ஆட்டக்காரராக இருப்பார். நாற்பது வயதை நெருங்கும் ஸ்னாப்பர் அவரைத் துரத்திப் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

## வேறு யாராவது செய்ய முடியாதா?

இந்தக் கேள்விக்குச் சிறந்த பதிலை 2008 அக்டோபர் 26 அன்று பிட்ஸ்பர்க்கில் பார்த்தோம். ஸ்டீலர்ஸ் அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதின. கடைசிக் கால்பகுதியில் ஸ்டீலர்ஸ் 14-12 என்று முன்னிலையில் இருந்தது. ஆனால் அவர்களுடைய ஸ்னாப்பர் கிரெக் வாரன் முழங்காலில் அடிபட்டு வெளியேறியிருந்தார். பன்ட் அடிக்க வேண்டிய நேரம் வந்தது. ஸ்னாப் செய்ய வந்தவர் ஜேம்ஸ் ஹாரிசன். அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கப்போகிறவர். ஆட்டத்திலேயே பலசாலிகளில் ஒருவர். அவர் விட்ட பந்து பன்ட்டரின் தலைக்கு மேலே பறந்து, மைதானத்தின் எல்லைக்குப் பின்னால் போய் விழுந்தது. விதிப்படி ஜயன்ட்ஸுக்கு 2 புள்ளி. ஆட்டம் 14-14 ஆனது. பந்தும் ஜயன்ட்ஸ் கைக்கே போனது. அவர்கள் டச் டவுன் போட்டு 21-14 என்று ஜெயித்தார்கள்.

ஹாரிசனிடம் பலத்துக்கோ தைரியத்துக்கோ குறைவில்லை. பலம் இந்த வேலையில் உதவாது, அவ்வளவுதான். தவில் வாசிப்பவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், கச்சேரி நடுவில் நாதஸ்வரத்தைக் கையில் கொடுத்தால் வாசித்துவிட முடியாதல்லவா?

ஒருகாலத்தில் இந்த வேலையை வேறு இடத்தில் ஆடும் ஒருவரே கூடுதலாகச் செய்தார் என்பதும் உண்மை. ஸ்டீவ் டியோஸி 1984-ல் என்.எஃப்.எல்.லுக்கு வந்தவர். தடுப்பாட்டத்தில் லைன்பேக்கராக ஆடிக்கொண்டே ஸ்னாப்பராகவும் இருந்தார். அவர் மகன் ஸாக் டியோஸி 2007-ல் ஜயன்ட்ஸுக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. மகன் பெயர் எடுத்தது ஸ்னாப்பராகத்தான். அப்பா ஜயன்ட்ஸுடன் ஒரு சூப்பர் பவுல், அதாவது என்.எஃப்.எல். இறுதிப் போட்டி, ஜெயித்தார், மகன் அதே அணியுடன் இரண்டு ஜெயித்தார். நடுவில் நடந்தது என்னவென்றால், உதையின் மதிப்பை அணிகள் உணர்ந்துகொண்டன. 3 புள்ளி வித்தியாசத்தில் ஆட்டங்கள் முடியும்போது, பகுதி நேர ஆளை நம்பி அந்த 3 புள்ளியை விட யாரும் தயாராக இல்லை.

## 32 நாற்காலிகள்

இப்போது தொழிலுக்கு வருவோம். என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஓர் அணியின் பட்டியலில் 53 பேர் இருப்பார்கள், அதில் ஸ்னாப்பர் ஒரே ஒருவர். ஆக, நாடு முழுக்க இந்த வேலைக்கு 32 இடங்கள். ஒருவர் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கமாட்டார். சிகாகோ பேர்ஸில் பேட்ரிக் மேனலி 1998 முதல் 2013 வரை 16 சீசன், 245 ஆட்டங்கள். டெட்ராய்ட் லயன்ஸில் டான் முல்பாக் 2004 முதல் 2020 வரை 17 சீசன், 260 ஆட்டங்கள். மேனலியின் பெயரில் இப்போது கல்லூரி ஸ்னாப்பர்களுக்கு ஒரு விருதே இருக்கிறது.

"அப்படியென்றால் பாதுகாப்பான வேலைதானே?" என்பார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவு உண்மை. வெளியே வரிசையில் நிற்பவருக்கு அதே காரணத்தால் கதவு அடைபட்டிருக்கிறது. ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஸ்னாப்பரை எடுப்பது அபூர்வம். பெரும்பாலானவர்கள் டிராஃப்டில் பெயர் வராமல், கூப்பிட்டால் போய்ச் செய்துகாட்டும் சோதனைகள் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். கல்லூரியிலும் இதே கதைதான். பலர் உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் வந்து அணியில் இடம் கேட்டுச் சேர்கிறார்கள். இவர்களை வாக் ஆன் என்பார்கள்.

இந்த வழியில் வந்தவர்களில் நேட் பாயரை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்க ராணுவத்தின் கிரீன் பெரே சிறப்புப் படையில் இருந்தவர். முப்பதை நெருங்கும் வயதில், அதுவரை எந்த அணியிலும் கால்பந்து ஆடாத நிலையில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் வாக் ஆனாகச் சேர்ந்தார். ஸ்னாப்பரானார். 2015-ல், 34 வயதில், சியாட்டில் சீஹாக்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. சீசன் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டது என்பது வேறு விஷயம். அந்த வயதில், அந்தத் தொடக்கத்திலிருந்து, அந்த வாசல்வரை வேறு எந்த இடத்துக்கும் ஆடி வந்திருக்க முடியாது. ஸ்னாப்பரின் திறமை உடம்பின் வேகத்தில் இல்லை, ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது என்பதற்கு அவர் சாட்சி.

சம்பளம்: 2024-ல் என்.எஃப்.எல்.லில் புதிதாக வருபவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,95,000 டாலர். ஏழு வருஷமோ அதற்கு மேலோ அனுபவம் உள்ளவருக்கு 12,10,000 டாலர். பெரும்பாலான ஸ்னாப்பர்கள் இந்தக் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டியே இருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அது பெரிய பணம், மறுக்கவில்லை. அதே ஆண்டில் டாலஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், கையெழுத்திட்டது ஆண்டுக்குச் சராசரியாக 6 கோடி டாலருக்கு. ஸ்னாப்பர்களில் பலருக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான். அந்தப் பணம் வருவதும் வேலை நிலைத்தால்தான்.

ஜான் டோரன்பாஸ் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் 2006 முதல் ஸ்னாப்பர். மேஜிக் கலைஞராகவும் பெயர் பெற்றவர்; சீட்டுக்கட்டைக் கையாளும் விரல்களும் பந்தை விடும் விரல்களும் ஒன்றே. 2017-ல் அவரை நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அங்கே சேரும் முன் செய்த மருத்துவப் பரிசோதனையில் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி ஆபத்தான அளவுக்கு வீங்கியிருந்தது தெரிந்தது. திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஆட்டம் முடிந்தது, உயிர் பிழைத்தது.

## ஒரே ஒரு பந்து

ஸ்னாப்பரின் தொழிலில் கொடுமையான அம்சம் ஒன்று உண்டு. சரியாகச் செய்த பந்துக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் இல்லை. தப்பாகச் செய்தது மட்டும்தான் கணக்கில் ஏறும். ட்ரே ஜங்கின் கதையைச் சொன்னால் இது புரியும்.

1983-ல் என்.எஃப்.எல்.லுக்கு வந்தவர். 19 சீசன் ஆடி ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். 2002 சீசனில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு ஸ்னாப்பர் இடத்தில் ஆள் நிலைக்கவில்லை. தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்று நெருங்கியதும் 41 வயது ஜங்கினைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம்தான் அணியில் சேர்ந்தார். புது ஹோல்டர், புது கிக்கர், பழக சில நாட்கள்.

2003 ஜனவரி 5, சான் ஃபிரான்சிஸ்கோ. ஜயன்ட்ஸ் ஒரு கட்டத்தில் 38-14 என்று முன்னிலையில் இருந்தது. 24 புள்ளி! பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ அணியான ஃபோர்ட்டி நைனர்ஸ் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்து 39-38 என்று முந்திவிட்டது. கடைசி ஆறு நொடிகள் இருக்கும்போது ஜயன்ட்ஸ் 41 கெஜ ஃபீல்ட் கோலுக்கு வந்து நின்றது. போனால் வெற்றி. சில நிமிடங்களுக்கு முன்புதான் ஜங்கினின் ஒரு ஸ்னாப் தாழ்வாகப் போய், அந்த உதையும் தவறியிருந்தது. இப்போதும் பந்து தாழ்ந்து போனது. ஹோல்டர் அதைத் தரையிலிருந்து அள்ளினார், உதைக்க வழியில்லை, எழுந்து ஓடிக் கண்ணில் பட்டவரை நோக்கி எறிந்தார். பந்து போய்ச் சேரவில்லை. ஆட்டம் முடிந்தது.

நடுவர்கள் அந்தக் கடைசி எறிதலில் எதிரணி செய்த தவறைக் கவனிக்கவில்லை என்றும் ஜயன்ட்ஸுக்கு மறுபடி உதைக்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் மறுநாள் என்.எஃப்.எல்.லே ஒப்புக்கொண்டது. அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 24 புள்ளி முன்னிலையை விட்டது தடுப்பாட்டக்காரர்கள் பதினொரு பேரும் சேர்ந்து. அவர்களில் யாரையும் யாரும் தேடவில்லை. ஜங்கின் செய்தியாளர்கள் முன்னால் நின்று, வேறு யாரையும் கைகாட்டாமல், பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். 19 சீசனாக அவர் சரியாக அனுப்பிய ஆயிரக்கணக்கான பந்துகள் எதற்கும் பெயர் இல்லை. அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த ஒரு பந்துதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, எத்தனை தடவை யோசித்தாலும்.

## தெருவில் இப்போது

எங்கள் தெருப் பையன் பள்ளிக் கடைசி வருஷத்தில் இருக்கிறான். தான் ஸ்னாப் செய்யும் வீடியோக்களை ஒன்பது கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறான். ஒரே ஒரு பயிற்சியாளர் பதில் எழுதியிருக்கிறார்: உதவித்தொகை இல்லை, வாக் ஆனாக வந்தால் பார்க்கலாம் என்று. அவன் அம்மா அந்தக் கடிதத்தை அச்சடித்து குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறார்.

போன வாரம் மழை தூறிக்கொண்டிருந்தது. வலைச் சத்தம் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். பந்தை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தான். ஈரப் பந்தில் சுற்று குறைகிறதாம், எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டுமாம். குடையைச் சார்த்திவிட்டுப் போய் மண்டியிட்டேன். கையை நீட்டினேன். பந்து வந்தது, கையெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"லேஸ்?" என்றான்.

சொன்னேன். பந்தை விரலால் கொஞ்சம் உருட்டி வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.